ஒரு குட்டும் இரண்டாயிரம் வருஷமும்

நண்பர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. காலையில் வாக்கிங், அப்புறம் டிகிரி காபி, அதற்கும் அப்புறம் ஒரு பழைய வழக்கு. வழக்கு கோர்ட்டில் இல்லை. அவருடைய உச்சந்தலையில் இருக்கிறது.

சின்னப் பையனாக இருந்தபோது கோயிலில் பூசைக்கு உதவி செய்தவர். அந்தக் காலத்தில் பூசை லத்தீனில்தான். (1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழிவிட்ட பிறகுதான் தமிழ் வந்தது.) பையன்களுக்கு அர்த்தமெல்லாம் தெரியாது. சுத்தமான மனப்பாடம். 'ஆண்டவர்' என்பதற்கு லத்தீன் வார்த்தை 'தொமினுஸ்'. நம்மவர் அதை 'தொமீனுஸ்' என்று நடுவில் இழுத்துவிட்டார். உபதேசியார் நங்கென்று ஒரு குட்டு வைத்தார். "முதல் எழுத்தை அழுத்துடா!"

மறுநாள் அழுத்தினார். ஆர்மோனியப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பாட்டு வாத்தியாரிடமிருந்து இன்னொரு குட்டு. "அழுத்தாதேடா, உயர்த்து!"

"ஒரே வார்த்தைக்கு ரெண்டு குட்டு சார். எது நியாயம்? நீங்க நாலு புஸ்தகம் படிக்கறவராச்சே, பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார்.

விளையாட்டாகத்தான் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால், இதே உபதேசியார் - பாட்டு வாத்தியார் சண்டையை ஐரோப்பாவின் பெரிய பெரிய பேராசிரியர்கள் எல்லாம் தாடியைத் தடவிக்கொண்டு போட்டிருக்கிறார்கள்!

முதலில் சண்டை இல்லாத சமாசாரம். லத்தீன் வார்த்தையில் எந்த அசைக்கு முக்கியத்துவம் என்பதில் தகராறே கிடையாது. கடைசி அசைக்கு முந்தின அசையைப் பாருங்கள். அது நெடிலாக இருந்தாலோ, மெய்யெழுத்தில் முடிந்தாலோ, மரியாதை அதற்கே. வெறும் குறிலாக இருந்தால் மரியாதை அதற்கும் முந்தின அசைக்குப் போய்விடும். இரண்டே அசை என்றால் முதலாவதற்கு. கடைசி அசைக்குப் பொதுவாகக் கிடையவே கிடையாது. பந்தியில் கடைசி இலைக்குப் பாயசம் வராத மாதிரி. 'தொமினுஸ்' என்பதில் 'மி' குறில். ஆகவே மாலை 'தொ'வின் கழுத்தில்.

சும்மா அலங்காரத்துக்கு என்று நினைக்காதீர்கள். 'ஒக்கிதோ' என்றால் 'நான் வீழ்கிறேன், சாகிறேன்' என்கிற மாதிரி அர்த்தம். முக்கியத்துவம் முதல் அசைக்கு. 'ஒக்கீதோ' என்று நடுவில் நெடிலாக்கி அங்கே முக்கியத்துவம் கொடுத்தால் 'கொல்கிறேன்'! ஒரு சுழி மாறினால் பிணம் கொலைகாரன் ஆகிவிடும். சாட்சிக்கூண்டில் ஏறும் ரோமானியன் ஜாக்கிரதையாகத்தான் பேசியிருக்க வேண்டும்.

சரி, அந்த முக்கியத்துவம் என்பது என்ன? பலமாக அழுத்துவதா, ஸ்வரத்தை மேலே தூக்குவதா? இங்கேதான் கட்சி பிரிகிறது.

ரோமானியர்களையே கேட்டால், பாட்டு வாத்தியார் கட்சி. சிசரோ, ஒவ்வொரு வார்த்தையிலும் ஒரு உயர்ந்த தொனியை இயற்கையே வைத்திருக்கிறது என்கிறார். கி.பி. 95 வாக்கில் எழுதிய பேச்சுக்கலை ஆசான் குவிண்டிலியனும் உயர்வு, தாழ்வு என்றே பேசுகிறார். கடைசி அசை எப்போதும் தாழ்ந்தே முடிவதால் கிரேக்கத்தின் இனிமை நம் பாஷைக்கு இல்லையே என்று அவருக்குக் குறை வேறு. 'அக்சென்ட்' என்கிற வார்த்தையின் தாய் லத்தீன் 'அக்செந்துஸ்'. அதற்கு அர்த்தமே 'பாட்டோடு சேர்ந்தது' என்பதுதான்.

அப்புறம் என்ன, கேஸ் முடிந்தது என்கிறீர்களா? அங்கேதான் ஒரு சந்தேகம். அந்த வார்த்தை கிரேக்க 'ப்ரோஸோதியா'வின் அப்பட்டமான மொழிபெயர்ப்பு. கிரேக்கத்தில் நிஜமாகவே ஸ்வரம் ஏறி இறங்கியது, நம் வேத பாராயணத்தில் உதாத்தம், அனுதாத்தம் என்று சொல்வது போல. ரோமானியர்களுக்குக் கிரேக்கம் என்றால் ஒரு மயக்கம். அடுத்த வீட்டுப் பட்டுப்புடவையின் அளவைக் கொடுத்து நம் வீட்டுக்கு ரவிக்கை தைத்த கதையாக, கிரேக்க இலக்கணத்தை எடுத்து லத்தீனுக்குப் போர்த்திவிட்டார்கள் என்பது எதிர்க்கட்சி வாதம்.

இந்த எதிர்க்கட்சியில் பெரும்பாலும் ஜெர்மானியர்கள், ஆங்கிலேயர்கள். இவர்கள் பாஷையில் அழுத்தம் ஜாஸ்தி. ஸ்வரக் கட்சியில் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் பாஷையில் அழுத்தம் கம்மி. அவரவர் அம்மா பேசின மாதிரிதான் சீசரும் பேசியிருப்பார் என்று ஆளாளுக்கு ஒரு நினைப்பு!

நேர்ச் சாட்சி சந்தேகம் என்றால் தடயத்தைப் பார்க்க வேண்டியதுதானே? பலமாக அழுத்துகிற பாஷையில், அழுத்தம் கிடைக்காத அசை நோஞ்சானாகி ஒரு நாள் மறைந்துபோகும். ஆங்கிலேயன் 'வெஜிடபிள்' என்பதை 'வெஜ்டபிள்' ஆக்கிவிட்ட மாதிரி. ஸ்வரத்தை மட்டும் ஏற்றி இறக்கிய பழைய கிரேக்கத்தில் இப்படி அசைகள் உதிரவில்லை. லத்தீனில் சரமாரியாக உதிர்ந்திருக்கின்றன.

'சூடான' என்பதற்கு 'கலிதுஸ்' என்று ஒரு வார்த்தை. நடுவில் இருக்கிற 'லி' தேய்ந்து ஜனங்கள் 'கல்துஸ்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேரன் கையஸ் இலக்கண சுத்தமாகப் பேசப் போக, அகஸ்டஸ் சக்கரவர்த்தியே, 'ரொம்ப வித்வத்தைக் காட்டாதே' என்கிற தோரணையில் கடிதத்தில் கண்டித்திருக்கிறார். அடுத்து வந்த டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ என்ற மூன்று பெயரும் சேர்ந்த ஆசாமி. கொஞ்சம் மதுப்பிரியர். ராணுவத்தில் இருந்தபோதே சிப்பாய்கள் அவருக்கு 'பிபேரியஸ் கல்தியஸ் மேரோ' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். குடிகாரன், சூடாக, தண்ணி கலக்காமல்! நடுவில் நிற்பது அதே தேய்ந்துபோன 'கல்'தான்.

பிற்காலத்தில் பெயர் தெரியாத ஒரு வாத்தியார், 'இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே' என்று 227 வரிக்கு ஒரு பட்டியலே போட்டார். 'ஒகுலுஸ் என்று சொல், ஒக்லுஸ் என்று சொல்லாதே.' அப்படியென்றால் கண். பாவம், அவர் எத்தனை குட்டு வைத்தாரோ! பையன்கள் கேட்கவில்லை. அந்த 'ஒக்லுஸ்'தான் இத்தாலியில் 'ஒக்கியோ' ஆயிற்று, ஸ்பெயினில் 'ஓஹோ' ஆயிற்று. 'சொல்லாதே' என்றதில் பலதும் பிழைத்துக்கொண்டது.

கி.பி. 400 வாக்கில் வந்த இலக்கணக்காரர் செர்வியஸ், ஸ்வரத்தை விட்டுவிட்டு, எந்த அசை அதிகமாக ஒலிக்கிறதோ அதுதான் என்கிறார். 1965-ல் 'வாக்ஸ் லத்தீனா' எழுதிய கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சிட்னி ஆலனும் அழுத்தக் கட்சிதான். இன்றைக்கு மெஜாரிட்டி அந்தப் பக்கம். அழுத்தும்போது ஸ்வரமும் கொஞ்சம் தானாக ஏறும் என்பதால் பாட்டு வாத்தியாருக்கும் டெபாசிட் போகவில்லை.

நண்பரிடம் தீர்ப்பை வாசித்தேன். "இடம் விஷயத்தில் ரெண்டு பேரும் சரி. நீங்கதான் தப்பு. விதம் விஷயத்தில் உபதேசியார் ஜெயிச்சார். பாட்டு வாத்தியாருக்குப் பாஸ் மார்க்."

"அப்ப ரெண்டு குட்டும் நியாயம்ங்கறீங்க?" முகம் வாடிவிட்டது.

சமாதானத்துக்காக ஒன்று சொன்னேன். "நீங்க இழுத்தீங்களே ஒரு 'மி', அது அழுத்தம் கிடைக்காம அப்பவே செத்துப்போச்சு. 'தொமினுஸ்' தேய்ஞ்சு 'தொம்னுஸ்' ஆச்சு. அதுவும் தேய்ஞ்சு இத்தாலியிலே சாமியார்களுக்குப் போடற 'டான்' ஆச்சு. டான் போஸ்கோன்னு சொல்றோமே, அந்த டான். பொம்பளைங்களுக்கு 'தொமினா' தேய்ஞ்சு 'டோனா', 'மடாம்'. அந்த 'மி'யை இழுத்துப் பிடிச்சுக் காப்பாத்தப் பார்த்த ஒரே ஆள் நீங்கதான்."

நண்பர் சிரிக்கவில்லை. உச்சந்தலையை மெல்லத் தடவிக்கொண்டார்.

"'மி' போயிடுச்சு சார். குட்டு போகலையே!"