பழைய கணினியை அகற்றுவதற்கு முன்

கணினி என்றாலே புதியதாக ஒன்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் நம் மாணவர்களிடையே வேரூன்றிவிட்டது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்ட பிறகு இந்த எண்ணத்திற்கு இன்னும் வேகம் வந்திருக்கிறது. நன்றாக ஓடும் கணினிகள் விண்டோஸ் 11 ஏற்காது என்ற ஒரே காரணத்திற்காக மூலைக்குப் போகின்றன. அவற்றோடு பழுதில்லாத திரைகளும் போகின்றன. தமிழ் மொழிக் கழகங்களாவது இந்த அவசரத்தில் சேர வேண்டாம் என்பது என் கருத்து. சிக்கனத்திற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன் நம்மைப் போன்ற கழகங்களின் ஆண்டிதழ்கள் எப்படி உருவாயின என்பதை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்தார்கள். 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அந்த மென்பொருளின் வளர்ச்சி நின்றுவிட்டது. அதற்கு யூனிகோடு தெரியாது. தமிழ் எழுத்துருவும் ஆளுக்கொன்று. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஏதோ மந்திரக் குறிகள்தான் தெரியும். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் நம் நாட்டிலேயே பிறந்தன. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. அப்படியிருந்தும் அந்தக் காலத்துக் கோப்புகளில் பல இன்னமும் பழைய குறியீட்டுக்குள்தான் அடைபட்டுக் கிடக்கின்றன.

அவற்றில் என்ன இருக்கிறது? பாலிங், கூலிம், பீடோங், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்த மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் இருக்கின்றன. லயம், பால்மரக்காடு, மாரியம்மன் கோயில் திருவிழா, ஆயாக்கொட்டகை என்று அவர்கள் எழுதியவை அன்று சாதாரணமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்ட இந்நாளில், ஹார்வர்ட், பாடினோக், ஹென்ரியட்டா, விக்டோரியா என்ற பெயர்களைத் தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகையில் மட்டும் படிக்கும் தலைமுறைக்கு அவைதாம் ஆவணம். அச்சுப் படிகள் கறையான் வாயில். கோப்புகளோ யாரும் திறக்காத பழைய கணினியில்.

அந்தக் கணினியைப் புதியதன் பக்கத்தில் வைத்து ஒரே மேசையில் வேலை செய்ய வேண்டும். ஒருவரே இரண்டு மூன்று கணினிகளை, இரண்டு மூன்று திரைகளோடு, ஒரே விசைப்பலகையால் நடத்துவது ஒன்றும் விண்வெளி ஆராய்ச்சி அல்ல. ஒரு கணினிக்குப் பல திரைகள் என்ற வசதி மெக்கின்டாஷில் 1987லேயே வந்துவிட்டது. விண்டோஸுக்கு 1998இல் வந்தது. பல கணினிகளுக்கு ஒரே சுட்டி என்பதை 2001இல் சினர்ஜி என்ற மென்பொருள் செய்து காட்டியது. சுட்டியைத் திரையின் ஓரத்திற்கு நகர்த்தினால் அடுத்த கணினியின் திரைக்குள் போய்விடும். மைக்ரோசாஃப்டின் 'மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ்' 2011இல் வந்தது. நான்கு கணினிகள் வரை இணைக்கலாம், காசு கிடையாது.

ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கிழட்டுக் கணினியை இப்படி வலைப்பின்னலில் சேர்க்கவே கூடாது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று பல ஆண்டுகளாகின்றன. அதற்கென ஒரு திரையைத் தனியே கொடுத்துவிட்டு, விசைப்பலகையையும் சுட்டியையும் மட்டும் பொத்தானால் மாற்றித்தரும் சிறு பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும். கோப்பை விரலியில் எடுத்து வரலாம். இன்னொன்று: பழைய திரையில் விஜிஏ துளை மட்டும் இருந்து, புதிய கணினியில் எச்டிஎம்ஐ இருந்தால், வெறும் கம்பி வேலை செய்யாது. குறிகையை மாற்றும் சில்லுள்ள இணைப்பான் வேண்டும். கடையில் கேட்டு வாங்குங்கள்.

எதற்கு இத்தனை திரை என்று கேட்பவர்கள் ஒரு பக்கத்தையாவது யூனிகோடுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்து சேமிக்கப்பட்டது. 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் ககரம்தான் முதலில். மாற்றி மென்பொருள் இதில் இடறினால் கொம்பு அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ரகரம் அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலை அடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் அன்று யாரும் கவனிக்கவில்லை. இன்று தேடினால் அந்தச் சொல் அகப்படாது. இடத்திரையில் பழைய பக்கம், நடுவில் மாற்றிய பாடம், வலப்பக்கம் அகராதி என்று வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டால்தான் இவை பிடிபடும். ஒரே திரையில் சாளரங்களை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது கண் எந்த வரியில் இருந்தோம் என்பதை மறந்துவிடுகிறது. தோட்டத்துப் பெயர்களில் பிழை புகுவது இப்படித்தான்.

தமிழில் தட்டச்சு செய்யும்போது ஒரு சங்கடம் வரும். கணினிகளை இணைக்கும் மென்பொருள்கள் ஆங்கில விசைகளை எளிதாகக் கடத்தும். தமிழ் எழுத்துகளை நம்பி ஒப்படைக்க முடியாது. ஆகவே விசைப்பலகை பொருத்தியிருக்கும் கணினியை ஆங்கிலத்திலேயே விட்டு, எழுத்து எங்கே விழ வேண்டுமோ அந்தக் கணினியில் தமிழ் உள்ளீட்டை இயக்குவது நல்லது. கடவுச்சொல் உள்பட நாம் தட்டும் ஒவ்வொன்றும் வலைப்பின்னல் வழியாகப் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். சினர்ஜியின் தொடக்கப் பதிப்புகளில் மறையாக்கமே கிடையாது. வளாகத்தின் பொது வைஃபையை விட்டுவிட்டு, கணினிகளைத் தனிக் கம்பியில் இணைத்துக்கொள்ளுங்கள்.

“தமிழ்க் கழகத்திற்கு இவ்வளவு ஆடம்பரமா?” என்ற கேள்வி எழும். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைகளில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் திரைகளைக் கண்காணித்துச் சம்பாதிக்கிறார்கள். முதலாளியின் வேலைக்குத் தேவையென்று தோன்றுவது தமிழ் வேலைக்கு மட்டும் ஏன் ஆடம்பரமாகிவிடுகிறது? அதுவும் பிறர் கழித்த பொருள்! உண்மையில் செலவாகப் போவது நேரந்தான். ஓர் இதழை ஒப்பிட்டு முடிக்க இருவருக்கு ஒரு பருவ விடுமுறை முழுதும் தேவைப்படலாம். அந்த இருவரைக் கண்டுபிடிப்பதுதான் திரைகளைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம் என்பதை நான் மறுக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்தப் பழைய கணினியின் வன்தட்டு எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை அதை இயக்கும்போது வேறு எதையும் தொடாமல், கோப்புகளையும் அவற்றுக்கான எழுத்துருக்களையும் சேர்த்து இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். எழுத்துரு இல்லாத கோப்பு பூட்டிய பெட்டி போன்றது. சாவியையும் உடன் எடுத்துக்கொள்ளுங்கள்.