மருந்துக்கு முன் உருப்பெருக்கி

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக வடக்கே செல்லும் சாலையிலிருந்து பிரியும் சந்துகளில், துறைமுகத்தையும் ஆலைகளையும் மீன்பிடித் தொழிலையும் நம்பி வாழும் குடும்பங்கள் பலவற்றில் நாலைந்து நாட்டுக்கோழிகளை இன்றும் காணலாம். வீட்டுச் சுவரை ஒட்டி, சரக்குப் பெட்டிகளைப் பிரித்தெடுத்த பலகைகளால் அடித்த ஒரு கூண்டு; மேலே ஒரு தகரம். முட்டை பெரும்பாலும் வீட்டுக் குழந்தைகளுக்கே. அந்தக் கோழி திடீரென்று முட்டை இடுவதைக் குறைத்துக்கொள்கிறது. சிவந்த கொண்டை வெளுக்கிறது. பொழுது சாய்ந்தும் கூண்டுக்குள் போக மறுத்து வாசலிலேயே நிற்கிறது. "செள்ளு பிடித்துவிட்டது, மருந்து அடி" என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். எந்த மருந்து? செடிக்கு அடிப்பது, கரப்பானுக்கு அடிப்பது, பட்டறையில் வடித்துவிட்ட கழிவு ஆயில் என்று எது கைக்குக் கிடைக்கிறதோ அது.

இந்த அவசரம் கூடாது என்பதே என் கருத்து. வந்திருப்பது எந்த உயிரி என்று பார்க்காமல் அடிக்கும் மருந்து, செள்ளைக் கொல்கிறதோ இல்லையோ, முட்டை வழியாக நம் வீட்டு உணவுக்குள் வந்து சேரும். இயற்பியல் கற்பிப்பவனுக்குக் கோழிக்கூண்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். செள்ளை ஒழிப்பதில் பெரும்பகுதி வெப்பம், ஈரப்பதம், பரப்பு இழுவிசை என்று நீங்கள் பாடத்தில் படிக்கும் செய்திகள்தாம்.

முதலில் கால்களை எண்ணுங்கள். நம் ஊரில் பேன், செள்ளு, உண்ணி ஆகிய மூன்றையும் ஒன்றுபோலவே பேசுகிறோம். பேன் பூச்சி இனம், ஆறு கால்கள். செள்ளும் உண்ணியும் சிலந்திக்கு உறவு, எட்டுக் கால்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ் இருந்தால் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை: முட்டையிலிருந்து வெளிவந்த செள்ளுக்குஞ்சுக்கு ஆறு கால்களே இருக்கும், தோலுரித்த பிறகே எட்டாகும். ஆகவே ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் பத்துப் பன்னிரண்டையாவது பாருங்கள்.

அடுத்தது, எப்போது எங்கே பார்ப்பது என்பது. கோழிப்பேன் வைக்கோல் நிறத்தில் இருக்கும். இறகை விலக்கினால் தோல்மேல் விரைந்து ஓடும். அதன் முட்டைகள் இறகின் அடித்தண்டில் கொத்தாக ஒட்டியிருக்கும். வெப்ப நாடுகளில் காணப்படும் ஒருவகைச் செள்ளு கோழியின் மேலேயே குடியிருந்து, எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகளைக் கருமையாக அழுக்கேற்றிவிடும். இவ்விரண்டையும் பகலிலேயே கண்டுவிடலாம். ஏமாற்றுவது மூன்றாவது ஆசாமி. டெர்மனிஸ்ஸஸ் கல்லினே என்று விஞ்ஞானிகள் பெயரிட்டுள்ள செந்நிறச் செள்ளு அது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உருவம். பகல் முழுதும் பலகை இடுக்கிலும் ஆணித்துளையிலும் ஒளிந்துகொள்ளும். இரவில் கோழி உறங்கியபின் கால் வழியே ஏறி, இரத்தம் குடித்துவிட்டு மீண்டும் இடுக்குக்குத் திரும்பிவிடும். பசியில் சாம்பல் நிறம், குடித்தபின் சிவப்பு. பகலில் கோழியைத் தூக்கி எத்தனை முறை பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. "கோழியில் பூச்சியே இல்லை, யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்ற பேச்சு பிறப்பது இங்கேதான்.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் விளக்குடன் போய், கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தில் வெள்ளைத்தாளை அழுத்தித் தேயுங்கள். தாளில் சிவப்புக் கோடுகள் விழுந்தால் ஐயமே வேண்டாம். இன்னொரு வழி: அலையலையாக மடிப்புள்ள அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைச் சுருட்டிக் கம்பின் அடியில் கட்டிவையுங்கள். இடுக்கு தேடும் செள்ளுகள் அந்தக் குழல்களுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து அவிழ்த்து, வெள்ளைத்தட்டில் தட்டி எண்ணிவிட்டுக் கொதிநீரில் போட்டுவிடலாம். இது பொறி மட்டுமன்று, கணக்கெடுப்புக் கருவியும்கூட. இந்த வாரம் எத்தனை, அடுத்த வாரம் எத்தனை என்று நோட்டில் எழுதிவந்தால், செய்த வைத்தியம் பலித்ததா என்று ஊகிக்காமல் சொல்லலாம்.

இத்தனை சிறிய உயிரியால் கோழிக்கு என்ன நட்டம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செள்ளு ஒருமுறை குடிக்கும் இரத்தம் ஏறத்தாழ 0.2 மில்லிகிராம். கூண்டில் 10,000 செள்ளுகள் இருப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 2 கிராம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழியின் உடலில் மொத்த இரத்தமே சுமார் 100 கிராம்தான். சில நாளுக்கு ஒருமுறை நூற்றில் இரண்டு பங்கை இழக்கும் கோழி எப்படி முட்டையிடும்? 21 நாள் ஒரே இடத்தில் அசையாமல் உட்காரும் அடைக்கோழியின் நிலை இன்னும் பரிதாபம். 10,000 என்பதும் மிகையான எண் அன்று. நம் கடற்கரை வெப்பத்தில் முட்டையிலிருந்து முதிர்ந்த செள்ளாக வளர ஒரு வாரமே போதும். ஒரு பெண் செள்ளு தன் வாழ்நாளில் 30 முட்டைகள் வரை இடும். அவற்றில் ஐந்து பெண் குஞ்சுகள் மட்டுமே பிழைப்பதாகக் கொண்டாலும், ஆறாவது தலைமுறையில், அதாவது ஒன்றரை மாதத்தில், ஐந்தின் ஆறாம் படியாகிய 15,625 ஆகிவிடும்.

கோழி கிடைக்காவிட்டால் இது மனிதரையும் கடிக்கும். நம் இரத்தத்தை நம்பிக் குலம் பெருக்க இதனால் முடியாது. ஆனாலும் அரிப்பும் தடிப்பும் உண்டு. கூண்டை ஒட்டிய சுவரோரம் பாய் விரித்துப் படுக்கும் பிள்ளைகள் காலையில் சொறிந்துகொண்டு எழுந்தால், பழி கொசுவுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் போகும்.

சரி, எப்படி ஒழிப்பது? செந்நிறச் செள்ளு வாழ்வது கூண்டில். ஆகவே வைத்தியம் கூண்டுக்கு. கோழிகளைச் சில நாள் இரவில் பஞ்சாரத்தில் அடைத்துவிட்டுக் கூண்டைக் காலி செய்யுங்கள். பட்டினி போட்டுக் கொல்லலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்; குளிர்ந்த இடத்தில் பல மாதங்கள்கூட உணவின்றி இருக்கக்கூடியது இது. ஆனால் வெப்பத்தை இதனால் தாங்க முடியாது. 45 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் நீடித்தால் மடிந்துவிடும். நார்வே நாட்டில் காலியான பெரிய கோழிக் கொட்டகைகளையே இந்த வெப்பத்துக்கு மேல் சில நாள் சூடேற்றிச் சுத்தம் செய்கிறார்கள். அவர்கள் எரிபொருள் செலவழித்துப் பெறும் வெப்பம் நமக்கு மே மாதத்தில் இலவசம். கழற்றிய பலகைகளைக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பால் மூடி ஓரங்களில் மண் போட்டு நல்ல வெயிலில் வையுங்கள். உள்ளே ஒரு வெப்பமானியையும் வைத்துப் பாருங்கள். வெயில் போதாத நாளில் கொதிநீர் இருக்கிறது. அதைப் பெரியவர்களே ஊற்றட்டும். மெல்லிய தாரையாக ஊற்றினால் பலகையின் குளிர்ச்சி நீரின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஆணித்துளைக்குள் போகும்போது வெதுவெதுப்புதான் மிஞ்சும். தாராளமாக ஊற்ற வேண்டும்.

வெறும் நீர் குறுகிய இடுக்குக்குள் சுலபமாக நுழைவதில்லை. அதன் பரப்பு இழுவிசை அதிகம். எண்ணெய்ப் பசையுள்ள பலகையில் முத்து முத்தாக நின்றுவிடும். சிறிது சோப்பைக் கரைத்தால் அந்த இழுவிசை பாதிக்கும் கீழே இறங்குகிறது. நீர் பரவி இடுக்கில் ஊறுகிறது. செள்ளின் மெழுகுப் பூச்சையும் நனைக்கிறது. இதற்குப்பின் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்துப் பூசினால் ஒளியும் இடமே அடைபட்டுவிடும். பழையகாலத்து முறைதான், இதைவிட மலிவானது எதுவும் எனக்குத் தெரியாது.

சாம்பலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கோழி மண்ணில் புரளுவது விளையாட்டுக்கன்று. அதுவே அதன் குளியல். ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்கு, பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தைவிட, பருமனுக்கு நேர்ப் பரப்பளவு நூறு மடங்கு அதிகம் என்று நீங்களே கணக்கிடலாம். ஆகவே சின்ன உயிரி உடல்நீரை வெகு விரைவாக இழக்கக்கூடியது. அதைக் காப்பது மேலே உள்ள மெல்லிய மெழுகுப் படலம். நுண்ணிய உலர்ந்த தூள் அந்த மெழுகை உறிஞ்சியும் உராய்ந்தும் அகற்றிவிட, உயிரி காய்ந்து சாகிறது. விறகடுப்புச் சாம்பலைச் சலித்து உலர்ந்த மணலோடு கலந்து ஒரு தொட்டியில் வைத்தால் கோழி தானே பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் நம் கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம். ஈரக் காற்றில் உலர்த்தும் தூள்களின் வேகம் குறைந்துவிடும். சாம்பலால் மட்டுமே வேலை முடிந்துவிடும் என்று உள்நாட்டு ஊர்களில் சொல்வதை அப்படியே இங்கே நம்ப முடியாததன் காரணம் இதுதான்.

இன்னொன்று, இந்த வட்டாரத்துக்கே உரியது. "சாம்பல் சாம்பல்தானே" என்று அனல்மின் நிலையச் சாம்பலை யாரும் கூண்டில் தூவிவிடக் கூடாது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆயினும் அத்திப்பட்டிலுள்ள வடசென்னை நிலையம் நிலக்கரியை எரித்துவருகிறது. கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் சாம்பல் படிந்த நிலத்தைப் பார்க்காதவர் எண்ணூரில் இல்லை. விறகுச் சாம்பலும் நிலக்கரியின் பறக்கும் சாம்பலும் வேறு வேறு பொருள்கள். பின்னதைப் நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணாடிக் குண்டுமணிகள்போல உருண்டையாக இருக்கும். அதில் ஆர்செனிக், ஈயம், குரோமியம் முதலிய தனிமங்களும் சிறிதளவு உண்டு. கோழி அதில் புரளும், கொத்தும், மூச்சிழுக்கும். கழிவு ஆயிலும் இதே கதைதான். எஞ்சினில் சூடேறித் தேய்ந்த எண்ணெயில் உலோகத் துகள்களும் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய சேர்மங்களும் சேர்ந்திருக்கும். அதைப் பூசிய கம்பில் இரவெல்லாம் உட்காரும் கோழி காலையில் அலகால் இறகைக் கோதும்போது அது வயிற்றுக்குள் போகிறது.

பூச்சிமருந்து அடித்தால் உடனே தீர்கிறதே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. மருந்துக்குச் செள்ளின் முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதற்கு மசியாத செள்ளுகளே பிழைத்துப் பெருகும். இரண்டாவது, கொழுப்பில் கரையும் நஞ்சு மஞ்சட்கருவில் சேரும். ஒருகாலத்தில் வீடுதோறும் எறும்புக்குத் தூவிய பி.எச்.சி. பொடி அப்படிப்பட்டது; இந்தியாவில் அது 1997-இல் தடைசெய்யப்பட்டது. 2017-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் நடந்ததைப் பாருங்கள். செந்நிறச் செள்ளை ஒழிக்கப் பண்ணைகளில் அடித்த ஒரு மருந்தில், உணவுக்கான கோழிகளிடம் அனுமதிக்கப்படாத பிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. முட்டையில் அது வெளிப்பட்டதும் லட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அந்த மருந்து யூகலிப்டஸ், மெந்தால் முதலியவை அடங்கிய இயற்கைச் சரக்கு என்ற பெயரில் விற்கப்பட்டது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. இயற்கை என்ற சொல் காப்புறுதி ஆகாது. புகையிலைக் கஷாயமும் செடியிலிருந்து வருவதுதான். அதிலுள்ள நிகோட்டின் கடும் விஷம்.

அதற்காகப் பாட்டி வைத்தியம் அனைத்தையும் நான் தள்ளவில்லை. அடை வைக்கும்போது வேப்பிலை போடுவதில் பொருள் இருக்கலாம். இடிக்கு முட்டை கெடாதிருக்க இரும்புத்துண்டு வைப்பார்களே, அதற்கு மட்டும் இயற்பியலில் இடமில்லை!

கால் செதிலுக்குள் குடையும் செள்ளு தனிவகை. செதில்கள் தூக்கி, வெள்ளையாகப் பொருக்கு கட்டி, கோழி நொண்டும். இதற்குச் சுவாசத் துளைகளே கிடையாது. தோல் வழியாகவே மூச்சு. வெதுவெதுப்பான சோப்புநீரில் காலை ஊறவைத்து மெல்லத் தேய்த்துவிட்டு, தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடித்த படலமாகப் பூசினால் காற்று அடைபட்டுச் சாகும். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. சில நாளுக்கு ஒருமுறை என இரண்டு மூன்று வாரம் செய்ய வேண்டும்.

கொண்டை வெளுத்துக் கோழி சோர்ந்து படுத்துவிட்டால் வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள். 1903 முதல் வேப்பேரியில் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகமும் இருக்கும். போகும்போது வெள்ளைத்தாளில் ஒட்டிய செள்ளுகளை ஒரு மூடிய குப்பியில் கொண்டுபோனால் மருத்துவர் பாதி வேலை முடிந்ததென்று மகிழ்வார். மருந்து எழுதித் தந்தால், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடாமல் ஒதுக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூண்டைச் சுத்தம் செய்த நாளை நாட்காட்டியில் குறித்துவிட்டு, ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் மறுபடி ஒருமுறை கொதிநீரும் சோப்பும் கொடுங்கள். முதல் தடவைக்குத் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். ஆனால் குஞ்சுகள் முட்டையிடும் பருவத்தை எட்டியிருக்காது. எட்டாம் நாள் இரவு அட்டைச்சுருளை மீண்டும் கட்டி, பத்தாம் நாள் எண்ணிப் பாருங்கள்.