விண்டோ மேனேஜர் எழுத எந்த மொழி? முதலில் 'திருத்தணி முருகன் கோயில்' என்று எழுதிப் பாருங்கள்!

லினக்ஸில் சொந்தமாக ஒரு விண்டோ மேனேஜர் எழுத ஆசைப்படும் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு நல்ல விஷயம்தான். ஆனால் ஆரம்பத்திலேயே மொழிச் சண்டை வந்துவிடும். சி-தான் வேகம் என்பார் ஒருவர். பைதானில் ஒரே வாரத்தில் முடிக்கலாம் என்பார் இன்னொருவர். ரஸ்ட் தெரியாதவன் புரோகிராமரே இல்லை என்று மூன்றாவது ஆள் வருவார். இரண்டு வாரம் ஓடிவிடும்... திரையில் ஒரு விண்டோகூட நகர்ந்திருக்காது.

வேகம் பற்றிய பேச்சு முக்கால்வாசி வீண். எக்ஸ் சர்வரைப் பொறுத்தவரை விண்டோ மேனேஜரும் இன்னொரு சாதாரண புரோகிராம்தான். புது விண்டோ திறந்தால், கீ அழுத்தினால் சர்வர் சொல்லி அனுப்பும்; மற்ற நேரமெல்லாம் அது தூங்கும். நிக் வெல்ச் எழுதிய டைனிடபிள்யூஎம் சுமார் 50 வரிதான். அதற்கு சி வடிவமும் உண்டு, பைதான் வடிவமும் உண்டு. இரண்டையும் ஓட்டிப் பார்த்தால் எது எது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. 2007-ல் எக்ஸ்மோனாட் ஹாஸ்கெலில் வந்தது, 2008-ல் கியூடைல் பைதானில் வந்தது. எதுவும் மெதுவாக இருக்கிறது என்று யாரும் ஓடிவிடவில்லை.

நம்ம ஊர் ஆட்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு. பிரவுசரில் 'திருத்தணி முருகன் கோயில்' என்ற பக்கத்தைத் திறந்தால் விண்டோ தலைப்பில் என்ன தெரியும்?

சி-யில் எழுதிய டிடபிள்யூஎம் 2000 வரியைத் தாண்டக்கூடாது என்ற கொள்கை உள்ளது. எழுத்து வரைய எக்ஸ்எஃப்டி லைப்ரரியை நேரடியாக அழைக்கும். எக்ஸ்எஃப்டி எழுத்துகளை வரிசையாக அடுக்கும், அவ்வளவுதான். எது எதோடு சேரும் என்று பார்க்காது. அதனால் 'ரு', 'மு' சேராமல் நிற்கும். 'கோ'வில் முன்னால் வரவேண்டிய கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விடும். பக்கத்துக்குள்ளே தமிழ் ஒழுங்காக இருக்கும், ஏனென்றால் அதை வரைவது பிரவுசர். தலைப்பில் மட்டும் அலங்கோலம்! ஆங்கிலத் தலைப்பை மட்டும் பார்ப்பவருக்கு இது ஒரு குறையாகவே தெரியாது.

தெலுங்கு இன்னும் மோசம். ஒரு எழுத்துக்கு அடியில் இன்னொன்று தொங்கும் எழுத்து அது. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்த ஊர் திருத்தணி. இங்கே ஒரே மடிக்கணினியில் இரண்டு மொழி ஃபைல் பெயர்களும் கிடப்பது சகஜம்.

இதைச் சரியாகச் செய்ய பாங்கோ மாதிரி ஒரு லைப்ரரி வேண்டும். ஐ3 (அதுவும் சி-தான்), ஆசம், கியூடைல் மூன்றுமே பாங்கோவைப் பயன்படுத்துகின்றன. ஆக, குற்றம் சி மொழியின் மேல் இல்லை, லைப்ரரித் தேர்வில்தான். மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது "இதிலிருந்து பாங்கோவை அழைக்க முடியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. சி, பைதான், ரஸ்ட் மூன்றிலும் முடியும். எக்ஸுக்கு எழுதும் மாணவருக்குப் பைதானே போதும். செயலிழந்தாலும் விண்டோக்கள் அப்படியே இருக்கும், மேனேஜரைத் திரும்பத் தொடங்கினால் முடிந்தது.

வேலண்டில் கதை வேறு. அங்கே விண்டோ மேனேஜரும் டிஸ்பிளே சர்வரும் ஒரே புரோகிராம். அது விழுந்தால் பொதுவாகத் திறந்திருந்த எல்லாம் போச்சு. சேமிக்காத ரெக்கார்டு நோட்டும் சேர்த்து. ஒவ்வொரு ஃபிரேமும் அதன் வழியாகப் போவதால் வேகப் பேச்சுக்கும் அங்கே அர்த்தம் உண்டு. நிரியும் காஸ்மிக்கும் ரஸ்ட்டில் எழுதப்பட்டிருப்பது வெறும் ஃபேஷன் இல்லை. முதல் புராஜெக்டுக்கு அது அதிகம்.

நாளைக்கே ஆரம்பிக்க நினைப்பவர் விண்டோவை நகர்த்தும் வேலையை ஒதுக்கி வைக்கலாம். ஒரு காலிப் பட்டை, அதில் மேலே சொன்ன மூன்று சொற்கள். கொம்பு சரியான பக்கம் வந்தால் அந்த மொழியையே வைத்துக்கொள்ளலாம் :)