வேரோடு நிறுத்தால் எடை கூடத்தான் செய்யும்

கல்வராயன் மலையிலிருந்து கஞ்சாச் செடி வழக்கு ஒன்று என் மேசைக்கு வந்தால், பறிமுதல் மகஜரில் நான் முதலில் தேடுவது பூவை. பெரும்பாலும் அது இருக்காது. செடியின் உயரம் இருக்கும், மரவள்ளிக்கு ஊடே நின்றது என்று இருக்கும், எடை கிராம் சுத்தமாக இருக்கும். செடி பூத்திருந்ததா என்று எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. கள்ளக்குறிச்சியில் வழக்கறிஞராக இருக்கும் எனக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும்.

காரணம், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளை மட்டுமே. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்காது. உத்தரப் பிரதேசத்தில் அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்கை விற்கும் கடை அரசு உரிமத்தோடு நடப்பது இதனால்தான்.

இதைச் சொன்னதும், வளர்க்கலாம் என்கிறாயா என்று சண்டைக்கு வருவார்கள். இல்லை. வளர்ப்பது தனிக் குற்றம், பிரிவு 20(ஏ). இரண்டு இலை விட்ட நாற்றுக்கும் அது பொருந்தும். பத்தாண்டு வரை சிறை. அதில் எனக்கு வழக்கே இல்லை. ஆனால் அந்தப் பிரிவில் எடைக்கு இடமில்லை. செடியைப் பிடுங்கிச் சாக்கில் கட்டித் தராசில் ஏற்றியதும், கஞ்சா வைத்திருந்ததாக 20(பி)யும் ஒட்டிக்கொள்கிறது. அங்கே எடைதான் தலையெழுத்து. 1 கிலோ வரை என்றால் ஓராண்டுக்குள் முடியும். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு. பிரிவு 37 குறுக்கே நிற்பதால் ஜாமீனும் லேசில் கிடைக்காது. வேர், தண்டு, ஒட்டிய மண், மழை ஈரம் எல்லாம் சேர்ந்தால் ஆளுயரச் செடிகள் இருபது முப்பதே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். காயவைத்தால் முக்கால்வாசி எடை நீராகப் போய்விடும்.

மலைக்காரர்கள் இந்தக் கணக்கு புரியாமல் விழிப்பதில் ஆச்சரியமில்லை. அவர்கள் குச்சிக்கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுபோனால் மண்ணுக்குக் கழிவு பிடிக்கிறார்கள். மாவு எத்தனை பாயின்ட் என்று பார்த்துத்தான் விலை. குச்சியையும் சேர்த்து நிறுத்துப் பணம் கேட்டால் ஆலையில் சிரிப்பார்கள். பத்தாண்டுச் சிறைக்கு அந்தக் கறார்கூட வேண்டாமா?

கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. கஞ்சா பெண் பூவிலிருந்து வருவது. ஆண் செடி மகரந்தம் உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோகும். 1893-94இல் இந்தியா முழுக்க விசாரித்த சணல் போதைப்பொருள் ஆணையம் இதையெல்லாம் விலாவாரியாக எழுதிவைத்திருக்கிறது. வங்காளத்து நவகாவ் பகுதியில் ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்கி எறிவதற்கென்றே அனுபவசாலிகளைக் கூலிக்கு அமர்த்தியிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்து ஜவ்வாது மலைச் சாகுபடியும் அந்த அறிக்கையில் வருகிறது. வெள்ளைக்காரனுக்கு வரி வசூலிக்க வேண்டியிருந்தது, அதனால் செடியை உற்றுப் பார்த்தான். நாம் ஆளைச் சிறைக்கு அனுப்புகிறோம், பார்க்க மாட்டேன் என்கிறோம்.

ஆய்வக அறிக்கை இருக்கிறதே என்பார் அரசு வழக்கறிஞர். ஆய்வகத்துக்குப் போவது 24 கிராம் மாதிரி. கஞ்சாவின் வேதிப்பொருள் இலையிலும் உண்டு. செடியின் எந்தப் பாகத்தில் கிள்ளியது என்று தெரியாத மாதிரியில் 'உண்டு' என்று வரும் பதில், சாக்கிலிருந்த மொத்தத்துக்கும் எப்படிப் பொருந்தும்? 2022இல் பம்பாய் உயர் நீதிமன்றம், பிடிபட்ட பச்சை இலைப் பொருளில் பூ நுனி இருந்ததாகக் காட்டப்படவில்லை என்பதைக் கவனித்து ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தது. மலைக்காரர் எத்தனை பேரால் உயர் நீதிமன்றம் வரை போக முடியும்?

கருணாபுரத்தில் 2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த மாவட்டத்தில் இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்களும் உண்டு. செத்தவர்களைக் கொன்றது மெத்தனால். ஆலைச் சரக்கு, மலையில் விளைந்ததல்ல. அதற்குப் பிறகு மலை மீது எல்லோருடைய பார்வையும் விழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அங்கே சாலையும் பிழைப்பும் எப்படி இருக்கின்றன என்று விசாரித்தது நல்ல விஷயம். 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்த மலை அது. பட்டாவுக்கு இன்னும் அலைகிறார்கள். செடி நின்ற நிலம் யாருடையது என்று அடங்கலைப் புரட்டினாலும் தெளிவு கிடைக்காத இடத்தில், பக்கத்தில் குடிசை போட்டிருப்பவர்தான் வழக்கில் முதல் எதிரி.

நான் கேட்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பிடுங்குவதற்கு முன் வேளாண் அலுவலர் ஒருவரை அழைத்து, எத்தனை செடி, எத்தனை பூத்தவை, ஆணா பெண்ணா என்று மகஜரில் எழுதட்டும். 52ஏ பிரிவின்படி எப்படியும் மாஜிஸ்திரேட் முன்னால் பட்டியலும் படமும் எடுக்கத்தான் வேண்டும். அங்கேயே நுனிகளைக் கிள்ளித் தனியாக நிறுக்கலாம். அதற்கு நேரமில்லை என்று சொல்லும் போலீசார், 20(பி)யை எழுதாமல் 20(ஏ)யோடு நிறுத்திக்கொள்ளட்டும்.