பலத்தைக் கொடுத்து வாங்கிய துல்லியம்

தொலைபேசியில் குரல் நெடுந்தூரம் போக வழிநெடுக ஆம்ப்ளிஃபயர்கள் வேண்டும். ஒவ்வொன்றும் குரலைப் பெரிதாக்கும். கூடவே கொஞ்சம் கெடுக்கவும் செய்யும். 1920களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்கு இதுதான் தலைவலி.

1927 ஆகஸ்ட் 2. படகில் ஹட்சன் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த ஆய்வகப் பொறியாளர் ஹரால்ட் பிளாக், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே விடையைக் கிறுக்கினார். வெளியே வரும் சிக்னலில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பிவிட வேண்டும். அப்படிச் செய்து பத்தாயிரம் மடங்கு பெருக்கத்தை நூறு மடங்காகக் குறைத்தால், பிசிறும் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். ஆம்ப்ளிஃபயரில் உள்ள வால்வு பழசாகி அதன் பலம் பாதியானால்கூட மொத்தப் பெருக்கம் ஒரு சதவீதம்தான் இறங்கும்.

பாடுபட்டுப் பெற்ற பலத்தை வேண்டுமென்றே இழப்பதா என்று காப்புரிமை அலுவலகமே முதலில் நம்பவில்லை. 1928இல் கேட்ட காப்புரிமை 1937இல்தான் கைக்கு வந்தது.

ஆனால் புகழெல்லாம் பிளாக்குக்கே போவது நெருடுகிறது. திருப்பிவிடும் சிக்னல் தாமதமாகி, தலைகீழாக இருக்க வேண்டியது நேராகிவிட்டால், சர்க்யூட் தானாகவே ஊளையிடும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் காதைக் கிழிக்குமே, அந்தக் கோளாறுதான். எதுவரை ஆபத்தில்லை என்று 1932இல் கணக்குப் போட்டுக் காட்டியவர், அப்போது ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் இருந்த ஹாரி நைக்விஸ்ட்.

பொறியியல் மாணவர்களுக்கு அவர் பெரும்பாலும், தன் பெயரில் தேர்வுக்கு வரையப்படும் ஒரு படம் மட்டுமே. படத்தோடு, ஊளையிடும் சர்க்யூட் ஒன்றையும் மேசைமேல் வைத்துக் காட்டினால் என்ன?