வெட்டினவன் யார்?

அமெரிக்காவில் புருஷனும் பெண்சாதியுமாகச் சொந்தப் படகேறி, வர்ஜீனியா மாகாணத்து நார்போக்கிலிருந்து புளோரிடா மாகாணத்து மியாமி வரை பிரயாணம் போகிறவர்கள் உண்டு. தூரம் சுமார் 1,100 மைல். ஆறும் காயலும் வாய்க்காலுமாகக் கரையோரமே செல்லும் பாதையாதலால், சமுத்திர அலைக்கு அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. இருவரும் மாறி மாறிச் சுக்கான் பிடித்துச் சந்தோஷமாகப் போகட்டும். நாம் குறை கூறவில்லை.

ஆனால், இப்பாதை முழுதும் ஆண்டவன் அருளினதா? நார்போக்கைத் தாண்டியதும் பிரியும் ஒரு கிளை, டிஸ்மல் சதுப்புக் கால்வாய். 22 மைல் நீளம். 1793-ல் வெட்டத் தொடங்கி 1805-ல் திறந்தார்கள். வெட்டினவர்களில் பெரும்பாலோர் வாடகைக்குப் பிடித்த கறுப்பு அடிமைகள். சேறு அவர்களுக்கு, கூலி எஜமானர்களுக்கு!

அக்கால்வாயில் படகோட்டிய மோசஸ் கிராண்டி என்ற அடிமை, தன் விலையை மூன்று தடவை கொடுத்த பிறகே விடுதலை பெற்றார். முதல் இரண்டு தடவையும் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள். மணமான சில மாதங்களில் அவர் மனைவியை எஜமான் விற்றுவிட்டான். பிறகு அவர் அப்பெண்ணைக் காணவேயில்லை. இவையெல்லாம் 1843-ல் வெளிவந்த அவரது சரித்திரத்தில் இருக்கின்றன.

தோழர்களே! தம்பதிகள் சேர்ந்து உல்லாசமாகப் போகும் அதே தண்ணீரில் படகோட்டியவனுக்குத் தன் மனைவியோடு வாழவும் உரிமை இல்லை. இதற்குத் தலைவிதி என்று பெயர் வைப்பதா? போகிறவர்கள் வெட்டினவனை ஒரு நிமிஷம் நினைத்தால் இன்பம் குறைந்துவிடாது. அவனை மறைத்துவிட்டு ஆண்டவனுக்கு நன்றி சொல்வதுதான் அயோக்கியத்தனம் என்கிறோம்.