வெறுங்காலைப் புகழ வேண்டாம்

எளிய நாட்டு அணி பணக்கார நாட்டு அணியோடு மோதினால் நம் மனம் தானாக எளியவன் பக்கம் சாய்ந்துவிடும். அதில் தப்பில்லை. ஆனால் அவனை எதற்காகப் புகழ்கிறோம் என்பதில்தான் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

கால்பந்து என்று பேச்செடுத்தால் என் வயதுக்காரர்கள் நேரே 1948 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குப் போய்விடுவார்கள். "நம்ம ஆளுங்க வெறுங்காலோட ஆடி பிரான்ஸையே நடுங்க வச்சாங்க சார்!" உண்மைதான். பெரும்பாலோர் காலில் பூட்ஸ் கிடையாது. பிரான்ஸ் முதல் கோலைப் போட, சாரங்கபாணி ராமன் பதில் கோல் போட்டுச் சமன் செய்தார். நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்தது. சுதந்திரம் வந்து ஓராண்டுகூட முடியவில்லை. பெருமைப்பட வேண்டிய ஆட்டம்தான்.

கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறோமே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. நாலு வருஷம் கழித்து, 1952இல், ஹெல்சிங்கியில் என்ன ஆயிற்று? நல்ல குளிர், அங்கும் பலர் வெறுங்கால். யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்று அடித்தது. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று.

பலன் தெரிய அதிக நாள் ஆகவில்லை. 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்தோம். நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். அரையிறுதியில் அதே யுகோஸ்லாவியா; முதல் கோல் நம்முடையது! கடைசியில் 4-1 என்று தோற்றாலும் நான்காம் இடம் கிடைத்தது. 1960 ரோமில் அதே பிரான்ஸோடு 1-1 டிரா. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த தென்கொரியாவையே இறுதிப் போட்டியில் 2-1 என்று வென்று தங்கம் வாங்கினோம். பூட்ஸ் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் ரஹீம் என்ற பயிற்சியாளரின் உழைப்பும் ஒழுங்கும் பின்னால் இருந்தன.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் 'வா-நு-பியே' என்று ஒரு சொல் உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'வெறுங்காலில் நடப்பவன்'. பொருள் என்ன தெரியுமா? பஞ்சைப் பராரி. வெறுங்காலை வீரமாகக் கொண்டாடுவது நாம்தான்.

அந்தப் பிரான்ஸை 2002 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே செனகல் 1-0 என்று தோற்கடித்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாடு. உலகக் கோப்பைக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. பிரான்ஸோ நடப்புச் சாம்பியன். பத்திரிகைகள் அதிசயம் என்றன. ஆனால் செனகல் வீரர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு கிளப்புகளில் தேறியவர்கள். பயிற்சியாளரும் பிரெஞ்சுக்காரர். ஜெயித்தது ஏழ்மை அல்ல, பயிற்சி.

அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஒரு தந்திரம் நன்றாகத் தெரியும். கொடுக்க மனமில்லாத இடத்துக்குப் பாராட்டுக் கடிதம் போகும். "குறைந்த வசதியிலும் சிறப்பாகச் செயல்பட்டீர்கள்" என்று எழுதிவிட்டால் கோப்பு முடிந்தது. வசதி கேட்க அவனுக்கு வாய் வராது.

நம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பையன்களுக்கும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். சம்பா அறுத்த வயலில் தாள் காலைக் குத்தக் குத்த பந்து உதைக்கிறார்கள். பூட்ஸ் கேட்டால் "அந்தக் காலத்தில் வெறுங்காலோடு ஆடவில்லையா?" என்று 1948ஐக் காட்டுகிறோம். அவர்களுக்கு 1952ஐயும் 1956ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். திருவிழாவுக்கு உபயம் எழுதுகிற கை, பத்து ஜோடி பூட்ஸுக்கும் ஒரு வரி எழுதினால் குறைந்து போகாது. கைதட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.